டபுள்ஸ் கடையில் நடந்த வாதம்

அன்புள்ள அக்கா,

இதனால் லாவன்டீல் பொதுமக்களுக்கு அறிவிப்பது யாதெனில், ராம்கிசூன் அண்ணன் டபுள்ஸ் கடையில் பூரியும் அதற்குள் வைக்கும் கடலைக்கறியும் இருக்கின்றன, மிளகாய்ச் சட்னி மட்டும் தீர்ந்துவிட்டது. காரணம், விவாதம்.

ஸ்டீல்பேன் என்ற எஃகு மேளம் வாசிக்கும் குழுக்களுக்கு இசை அமைத்தவர்களில் பெரிய ஆள் யார் என்று எல்லோரும் அடித்துக்கொண்டார்கள். நான் உன் பெயரைச் சொன்னேன். குத்பர்ட் மாமா சிரித்தார். "பனோரமா போட்டில கடைசியா வந்தாளே, அவளாடா? அவ போட்டதக் கேட்டு நடுவருக்கே தூக்கம் வந்துச்சு."

"நீங்க எந்தப் பாட்டுக்குத்தான் தூங்கல மாமா?" என்றேன். டபுள்ஸ் கடையில் சிங்கிளாக நின்று வாதாடினேன். கடைசியில் எல்லோரும் என் கட்சிக்கே வந்துவிட்டார்கள். வெற்றி உன் தம்பிக்கே.

நீ டொபேகோவில் சித்தி வீட்டில் போனை அணைத்துவிட்டு, இனி இசையே அமைக்கமாட்டேன் என்கிறாயாம். அதனால் உண்மையையும் எழுதிவிடுகிறேன். என் பேச்சை யாரும் மதிக்கவில்லை. வீட்டிலிருந்து ஸ்டீல்பேனைத் தூக்கிவந்து, அந்தப் போட்டிக்காக, மூலப் பாட்டில் இல்லாமல் நீயே சேர்த்த துண்டை வாசித்தேன். பாதியில் மறந்துபோய் அசடு வழிய நின்றேன். மீதியை விசிலடித்து முடித்தது குத்பர்ட் மாமா. ஒரு சுரம்கூடத் தப்பவில்லை, அக்கா.

இப்படிக்கு,
உன் வாயாடித் தம்பி