சட்டைப் பையில் ஓடிய ரெக்கார்டர்

இராஜபாளையம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு தாமோதருக்கு,

சுயம்புலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாம் நலம், என் தலைமுடி நீங்கலாக. நீயும் ஜெபாவும் டொரண்டோ பனியில் வழுக்கி விழாமல் இருக்கிறீர்களா? போனில் சொல்லியிருப்பேன். உன் அப்பா பேச்சை எடுத்தாலே லைனை வெட்டுகிறாய். பாதி கேட்டுப் பட்டது போதும். இதை முழுசாகப் படி.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னை வரச்சொல்லி, உன் அப்பா தன் பழைய வாய்ஸ் ரெக்கார்டரைக் கையில் கொடுத்தார். அதிலிருக்கும் தன் ஆண்டாள் உபந்நியாசங்களை மார்கழிக்குள் பென் டிரைவில் ஏற்றித் தர வேண்டுமாம். கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவனெல்லாம் இன்ஜினியர் என்று நம்புகிற மனுஷர். பேண்டேஜ் யூனிட் நடத்துகிற நானும் மறுக்கவில்லை.

கோப்புகளின் பெயரெல்லாம் டி.வி.எஃப். என்று முடிந்தன. என் கம்ப்யூட்டர் அவற்றைத் தொடவே மறுத்தது. கடைசி மூன்றெழுத்தை அழித்துவிட்டு எம்.பி.3 என்று மாற்றினேன். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம்தான் வந்தது. கடலை உரித்துக்கொண்டிருந்த பரிபூரணம், "பேரை மாத்துனா கொரல் வந்துருமாக்கும்? ஒங்க பேரை மாத்திப் பாருங்க, முடி முளைக்குதான்னு" என்றாள். கட்டிய மனைவி!

நெட்டில் துழாவியதில், அந்தக் கம்பெனியின் பழைய சாப்ட்வேர்தான் இதைத் திறக்கும், அதுவும் பழைய விண்டோஸில்தான் ஓடும் என்று தெரிந்தது. குடோனில் பேண்டேஜுக்கான காஸ் துணி மூட்டைக்கடியில் கிடந்த கிழட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, ஊருக்கெல்லாம் பேண்டேஜ் விற்கிறவனுக்கு ஒரு முழம் சுற்றிவிட ஆளில்லை. ஆனால் ஏலே, பேசிவிட்டது! வேகத்தை மாற்றி அமுக்கிவிட்டதால் முதலில் உன் அப்பா அணில் குரலில் ஆண்டாள் பெருமை சொன்னார்.

பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர் அல்லவா, ரெக்கார்டரையும் நிறுத்தத் தெரியாது. ஒரு கோப்பில் உபந்நியாசம் முடிந்த பிறகு செருப்புச் சத்தம், ஆட்டோ, அப்புறம் ரயில்வே ஸ்டேஷன். ஜெபாவைத்தான் கட்டுவேன் என்று சண்டை போட்டு நீ சென்னைக்கு ரயிலேறிய நாள்! மெஷின் அவர் சட்டைப் பையில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

வழியனுப்ப வந்தவர் "போ" என்று சொல்லிவிட்டார் என்றுதானே இன்றுவரை நீ ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை? நம்ம ஊரில் சண்டைக்காரனைக்கூட யாரும் வெறும் "போ" சொல்லி அனுப்புவதில்லையே. இது நம் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. ரயில் ஊதல் உன் காதுக்குப் பக்கத்தில். மைக் அவர் வாய்க்குப் பக்கத்தில். திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"போயிட்டு வா. அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா."

வாய்விட்டுக் கூப்பிட்டும் வராத மகன் என்று அவர் இத்தனை காலமும் சொல்லிவந்தார். கௌரவத்துக்குப் பொய் சொல்கிறார் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். அதில் என் சிரிப்புக்குத்தான் சத்தம் அதிகம்.

நேற்று அவருக்குப் போட்டுக் காட்டினேன். உன் காதில் முழுசாக விழவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. செத்த நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த ஊதலை மட்டும் எடுத்துவிட்டு அவனுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

அந்த வித்தை எனக்குத் தெரியாது. ஊதலோடேயே இத்துடன் இணைத்திருக்கிறேன். இது அசல் எம்.பி.3, பெயர் மாற்றியதல்ல. கேட்டுவிட்டு இரண்டு டிக்கெட் போடு. நீங்கள் திரும்பும்போதும் வழியனுப்ப அவர் ஸ்டேஷனுக்கு வருவார். இந்தத் தடவை ஊதுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடச் சொல்லியிருக்கிறேன்.

ஆண்டாள் உங்கள் இருவரையும் மார்கழிக்குள் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இடுப்பில் பேண்டேஜுடன்,
சுயம்புலிங்கம்