அண்ணன் பெயருக்கு வந்த பிரதி

ஜூன் 3, செவ்வாய்

பதிப்பகத்திலிருந்து மறுபடியும் மின்னஞ்சல். மதிப்புரைக்கென்று ஐந்து பிரதிகள் ஒதுக்கியிருக்கிறார்களாம். எந்தெந்த ஆய்விதழ்களுக்கு அனுப்புவது என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். போன் செய்தேன். "மேடம், உங்க துறையில யாரு எதைப் படிக்கிறாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அங்கே விற்பனை பார்க்கும் பெண். நியாயம்தான்.

ஆனால் எது என் துறை? எல்லைக் கற்களைப் பற்றிய புத்தகம். நிலம் அளக்க வந்த அதிகாரிகள் கல் நட்டார்கள். ஊர்க்காரர்கள் அதை ஓசைப்படாமல் நகர்த்தினார்கள். அடுத்து வந்த அதிகாரி, நகர்ந்த இடத்தையே வரைபடத்தில் குறித்துக்கொண்டு போனார். இவ்வளவுதான் என் வாதம். இது வரலாறா, புவியியலா, சட்டமா?

முதலில் எழுத வேண்டிய இதழ் ஒன்று இருக்கிறது. நில அளவை வரலாற்றுக்கென்றே நடக்கும் ஒரே இதழ். அதன் பெயரைப் பதிப்பகத்துக்கு எழுதவில்லை. இந்தப் பொருளில் எது வந்தாலும் அங்கே மதிப்புரைக்கு அண்ணனுக்குத்தான் அனுப்புவார்கள். அண்ணன் இறந்துபோய் ஒரு மாதம் ஆகிறது.

ஜூன் 9, திங்கள்

கல்லூரி நூலகத்தில் நாள் முழுக்கப் பழைய இதழ்கள். யார் எந்த மாதிரிப் புத்தகத்துக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒன்றில் மதிப்புரைப் பகுதியையே நிறுத்திவிட்டார்கள். இன்னொன்றில் நண்பர்கள் நண்பர்களுக்கு மாலை போட்டுக்கொள்கிறார்கள். மூன்று தேறின. அனுப்பச் சொல்லிவிட்டேன்.

எந்த இதழைத் திறந்தாலும் அண்ணன் இருக்கிறார். கட்டுரையில், அடிக்குறிப்பில். அந்த அடிக்குறிப்புகளில் பாதி என்னைத் திட்டுபவை. "இவ்வாசிரியர் ஊர்க்கதைகளை ஆதாரமாகக் கொள்கிறார்." இவ்வாசிரியர்! வீட்டில் என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, அச்சில் இவ்வாசிரியர்.

நாங்கள் அண்ணன் தங்கை என்று துறையில் யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு என் இனிஷியல் மாறிவிட்டது. நாங்கள் போட்ட சண்டையைப் படித்தவர்களுக்கு எங்கே சந்தேகம் வரப்போகிறது?

ஜூன் 15, ஞாயிறு

சாயங்காலம் கை தானாகப் போனுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அண்ணனோடு சண்டை போடும் நேரம்.

கடைசியாகப் பேசியபோது, அச்சுக்குப் போகும் முன்பே படிக்கக் கேட்டார். "அதெல்லாம் முடியாது. மதிப்புரை எழுதப் போறவரு முன்கூட்டியே படிக்கக் கூடாது" என்றேன். எங்கள் தொழிலில் அப்படித்தான்.

சிரித்தார். "வரட்டும் வரட்டும். அக்குவேறு ஆணிவேறாப் பிச்சுடுறேன், பாரு."

அவர் படிக்கவே இல்லை. எனக்கு அதுதான் வலி — வேறு எதுவும் இல்லை. வரிக்கு வரி அவரை மனதில் வைத்து எழுதிய புத்தகம். அவர் படிக்கவே இல்லை.

ஜூன் 26, வியாழன்

வரலாற்று இதழ்: "புவியியலுக்கு ஏற்றது." கையை விரித்துவிட்டார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

புவியியல் இதழ்: "சட்ட வரலாற்றினர் வரவேற்பார்கள்." சட்டக்காரர்கள்: "எங்கள் வாசகர்களுக்குப் பொருந்தாது." எல்லையைப் பற்றி எழுதினேன், யார் எல்லைக்குள்ளும் விழவில்லை. அண்ணன் இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே என்னை ஓட்டியிருப்பார்.

மூன்று பதில்களிலும் கடைசி வரி ஒன்றுதான். இதை மதிப்பிடத் தகுதியானவர் என்று அண்ணன் பெயரைச் சொல்லி, அவரையே அணுகுங்கள் என்று. அவருக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொல்லாதவரை எங்கேயோ ஒரு மேசையில் அவர் என் புத்தகத்துக்காகக் காத்துக்கொண்டு இருக்கிற மாதிரி.

ஜூலை 21, திங்கள்

அந்த நில அளவை இதழுக்கே அனுப்பச் சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை. வேறு யாராவது எழுதட்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மத்தியானம் அண்ணியின் போன். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"உங்கண்ணன் பேருக்கு ஒரு பார்சல் வந்திருக்கு. பிரிச்சேன். உன் புத்தகம்."

இதழில் யாரும் மதிப்புரையாளர் பட்டியலைத் திருத்தவில்லை. பொருளைப் பார்த்தார்கள், வழக்கமான ஆளுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"மூணு மாசத்துல மதிப்புரை அனுப்பணும்னு போட்டிருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

"திருப்பி அனுப்பிடுங்க அண்ணி."

"அவர் பேருக்கு வந்ததை நான் எதுக்குத் திருப்பணும்? அவர் மேசை மேல வச்சிருக்கேன்" என்று போனை வைத்துவிட்டார்.

இதழுக்கு ஒரு வரி எழுதினால் போதும், முடிந்துவிடும். எழுதவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று சரியாக அண்ணனோடு பேசும் நேரத்துக்கு மணி அடித்தது. திரையில் அண்ணன் எண். உயிரே போய்விட்டது. அண்ணிதான், அந்தப் போனிலிருந்து.

"தினமும் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுறேன்" என்றார்.

"யாருக்கு?"

அண்ணி மருந்துக்கடை நடத்துகிறவர். கணக்கும் கண்டிப்புமான மனுஷி. ஆவி, பேய் என்று யாராவது பேசினால் கடையை விட்டே விரட்டுவார்.

"நேத்து வாசிக்கும்போது நாற்காலிப் பக்கம் இருமல் கேட்டுச்சு. உனக்குத் தெரியுமே. ஒத்துக்காதப்போ இருமுவாரே, அது."

டாக்டரிடம் அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது:

"புத்தகத்துல எந்தப் பக்கம் அண்ணி?"

ஆகஸ்ட் 18, திங்கள்

அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு சாட்சியத்தை வைத்துக்கொண்டு மூன்று ஊர்களுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். அங்கே அவர் இருமத்தான் செய்வார்.

கடவுளே, என்ன எழுதிக்கொண்டு இருக்கிறேன்?

செப்டம்பர் 12, வெள்ளி

இருமல் கேட்ட பக்கங்களை ஒவ்வொரு ஞாயிறும் அண்ணி சொல்கிறார், நான் என் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் கோடு போடுகிறேன். சில இடங்களில் இருமல் அநியாயம். அங்கே என் ஆதாரம் கெட்டி. அண்ணியிடமே சண்டை போட்டேன். "என்கிட்ட ஏன் கத்துறே? அவர்கிட்ட சொல்லு" என்றார்.

ஞாயிறு எப்போது வரும் என்று இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. எங்கள் இரண்டு பேரில் யாருக்குப் பைத்தியம் முற்றிவிட்டது?

நவம்பர் 6, வியாழன்

இதழிலிருந்து அண்ணனுக்கு நினைவூட்டல். கெடு முடிந்துவிட்டதாம். அண்ணி எனக்கு அனுப்பிவைத்தார், கூடவே ஒரு வரி: "நீயே சொல்லிடும்மா. என்னால முடியல."

எழுதினேன். அவர் காலமாகிவிட்டார், நான் அவர் தங்கை. இரண்டு வாக்கியம். அனுப்பியபின் மேசையில் தலை வைத்து அழுதேன். அடக்கத்தன்றுகூட இப்படி அழவில்லை.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பதறிப்போய்விட்டார் மதிப்புரைப் பகுதி ஆசிரியர். வேறு ஒருவரை ஏற்பாடு செய்கிறாராம்.

பிப்ரவரி 6, வெள்ளி

மதிப்புரை வந்துவிட்டது. ஒரு பக்கம். "பாராட்டத்தக்க முயற்சி. துறைக்கு வலுவான பங்களிப்பு." குறை ஒன்றும் இல்லையாம். அந்த மூன்று ஊர் விஷயத்தை அப்படியே விழுங்கியிருக்கிறார். பதிப்பகத்துப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். அட்டையில் போடலாமா என்று கேட்கிறாள். போட்டுக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். மேசையில் அந்தப் பிரதி. நாற்காலியை அண்ணி ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். மதிப்புரையை வாசித்துக் காட்டினேன்.

"கிழிக்கவே இல்லையா?"

"இல்ல அண்ணி."

"அப்போ படிக்கல" என்றார். அண்ணன் சொல்வதைப் போலவே.

கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம் வைத்திருந்தார். "இதை நீயே வாசி." அண்ணனை நேருக்கு நேர் எதிர்த்து நான் எழுதிய அத்தியாயம் அது. வாசித்தேன். அவருக்குக் கோபம் வர வேண்டிய இடங்களில் வேண்டுமென்றே நிறுத்தினேன். தெருவில் ஒரு வண்டி போனது. பக்கத்து வீட்டில் குழாய் ஓடியது. கடைசி வரியை முடித்துவிட்டு இரண்டு பேரும் காத்திருந்தோம்.

ஒன்றும் கேட்கவில்லை.

"கடைசியில ஒத்துக்கிட்டாரு, பார்த்தியா?" என்றார் அண்ணி. முகம் மலர்ந்திருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படி.

ஆமாம் என்று தலையாட்டினேன். அண்ணன் ஒத்துக்கொள்கிற ஆளே இல்லை என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.