கடைசி வீட்டுக்குச் சூரியன் வரும் நாள்

தோக்குவிக், வடமேற்கு ஐஸ்லாந்து
12 நவம்பர் 1994

அன்புள்ள ஸ்டெய்னார்,

வேளைக்குச் சாப்பிடுகிறாய், கடலில் கவனமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே நான் நலம். என் வகுப்புப் பிள்ளைகளும் நலம், சளியைத் தவிர. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. இனி வருஷம் பிறந்து அது திரும்பி வரும் நாளில்தான் சூரியக் காபியும் பான்கேக்கும்.

நேற்று மீன் ஆலை எல்லெர்ட் வந்தான். போலந்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு தம்பதிக்கு நம் வீடு வாடகைக்கு வேண்டுமாம். "நீ ஒருத்தி, இவ்வளவு பெரிய வீடு. நாற்காலிங்க எல்லாம் உன்னைப் பார்த்துக் கொட்டாவி விடுது" என்றான். எனக்கும் அகுரேரிப் பள்ளியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. அம்மா எனக்கு விட்டுப்போன வீடு, முடிவும் என்னுடையதுதான். ஆனாலும் நீ வருகிறாயா, மறுபடி ஒப்பந்தத்தை நீட்டுகிறாயா என்று தெரியாமல் சாவியைக் கொடுக்க மனம் வரவில்லை.

"சூரியக் காபி வரைக்கும் பொறு" என்றேன்.

"ஊர்ச் சூரியனா, உன் வீட்டுச் சூரியனா?"

"என் வீட்டுச் சூரியன்தான்."

"அடப் போம்மா! மலைக்கு அடியில கடைசி வீடு. அது உன் ஜன்னலுக்கு வர்றதுக்குள்ள எனக்கு மிச்சம் இருக்கற முடியும் கொட்டிடும்."

நம் ஜன்னலுக்கு வெயில் வரும் அன்றைக்கு நீ இங்கே இருந்தால், அல்லது வருகிறேன் என்று ஒரு வரி வந்திருந்தால், வீடு வாடகைக்கு இல்லை. பான்கேக் சட்டியைத் தேய்த்து வைத்துவிட்டேன்.

உன் ராக்னா


வால்விஸ் பே, நமீபியா
4 டிசம்பர் 1994

என் அன்பு ராக்னா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கொஞ்சம் அனுப்பி வைக்க முடிந்தால் அனுப்புவேன்! கப்பலில் நான் பழக்கும் பையன்கள் நன்றாக வலை இழுக்கக் கற்றுக்கொண்டார்கள். நேற்று நாங்கள் மணலில் நெருப்பு மூட்டி மீன் சுட்டோம். உன்னை நினைத்துக்கொண்டேன்.

வீட்டை அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துவிடாதே. எல்லெர்ட் வாய் ஓயாத ஆள், அவன் பேச்சை எடுத்துக்கொள்ளாதே. சூரியக் காபிக்கு வரத்தான் பார்க்கிறேன். கப்பல் கம்பெனியிடம் பேசவேண்டும்.

என்றும் உன்
ஸ்டெய்னார்


தோக்குவிக்
28 டிசம்பர் 1994

அன்புள்ள ஸ்டெய்னார்,

வரத்தான் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் பலமுறை படித்தேன். உன் கட்டில் பக்கத்து விளக்குக்கு பல்பு மாற்றினேன்.

கிறிஸ்துமஸ் மாலைக்கு முந்தின நாள் வழக்கம்போல் புளித்த திருக்கை மீனை வேகவைத்தேன். ஜன்னலைத் திற என்று கத்த ஆளில்லாததால் நாற்றம் இன்னும் திரைச்சீலையிலேயே இருக்கிறது. அந்தப் போலந்துப் பெண் டனூட்டாவும் அவள் கணவன் மாரெக்கும் ஆலையின் மாடியறையில் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். நல்ல மாதிரி. வீட்டைப் பார்க்க வந்தவள், வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "வெதுவெதுன்னு இருக்கு" என்றாள். காத்திருக்கச் சொன்னேன். ஏனென்று அவள் கேட்கவில்லை.

மணலில் மீன் சுட்ட அந்த "நாங்கள்" யார் யார் என்று நானும் கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

உன் ராக்னா


வால்விஸ் பே
24 ஜனவரி 1995

என் அன்பு ராக்னா,

கோபித்துக்கொள்ளாதே. இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், மறுக்க முடியவில்லை. இதுதான் கடைசி, சத்தியமாக.

இன்று சூரியக் காபித் தேதி என்றதும் மனம் அங்கேதான் இருந்தது. இந்நேரம் நம் அடுப்படியில் வெயில் விழுந்திருக்கும். நான் பெரிதாக்கிய ஜன்னல் வழியாக மேசை மேலே வந்திருக்கும். நீ சட்டியில் பான்கேக்கைத் திருப்பிக்கொண்டு, கண் கூச நிற்பாய். கண்ணை மூடினால் அப்படியே தெரிகிறது. அதற்காகவாவது வீட்டை வாடகைக்கு விடாதே. அந்த அடுப்படி எனக்காக அப்படியே இருக்கட்டும்.

உன்
ஸ்டெய்னார்


தோக்குவிக்
6 பிப்ரவரி 1995

ஸ்டெய்னாருக்கு,

பனிப்புயலில் விமானம் இறங்காமல் உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, நின்றபடியே படித்தேன்.

நீ எழுதிய அந்த ஜனவரி நாளில் ஊர்க்கூடத்து மாடியில் வெயில் விழுந்தது. எல்லோரும் அங்கே காபி குடித்தார்கள். நம் அடுப்படியில் விளக்குதான் எரிந்தது. கல்யாணமான கோடையில் நீ சுவரை அறுத்தபோது, "மலை நமக்கு வெயிலைத் தர்றதே தாமதம், ஒரு நாளாவது முன்னாடி பிடிச்சிடலாம்டி" என்றாய். மரத்தூள் உன் புருவமெல்லாம் இருந்தது. ஜன்னலை நினைவு வைத்திருக்கிறாய். அதை எதற்கு அறுத்தாய் என்பது போய்விட்டது.

என் நவம்பர்க் கடிதத்தில், கடைசி வீடு என்ற எல்லெர்ட்டின் கிண்டலை அப்படியே எழுதியிருந்தேன். அதைப் படித்துச் சிரித்திருப்பாய் என்று நினைத்தேன்.

ஒப்பந்தம் நீண்டதற்கு நான் அழவில்லை. அதற்குப் பழகிவிட்டேன்.

மத்தியானம் டனூட்டாவையும் மாரெக்கையும் கூப்பிட்டேன். முதல் பான்கேக் கிழிந்தது, எப்போதும்போல. இரண்டாவது வேகும்போது மலை விளிம்பில் சூரியன் எட்டிப் பார்த்தது. ஒரு கையகல வெளிச்சம் மேசை மேல் ஏறி, டனூட்டாவின் கோப்பை வரை வந்து, போய்விட்டது. மாரெக் எழுந்து நின்றுவிட்டான், பாவம், கோயிலில் நிற்பதுபோல.

"அவ்வளவுதானா?" என்றாள் டனூட்டா.

"நாளைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்."

சாவியை அவள் கையில் கொடுத்தேன். சனிக்கிழமை அகுரேரிக்குப் போகிறேன். உன் கம்பளிச் சட்டைகளும் கருவிப் பெட்டியும் எல்லெர்ட்டின் கிடங்கில் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள். இனி எனக்கு எழுத வேண்டாம்.

அவர்கள் கிளம்பும்போது டனூட்டாவிடம் சொன்னேன்: "அடுத்த வருஷம் ஊருக்குள்ள சூரியன் வந்துடுச்சுன்னு எல்லாரும் கொண்டாடுவாங்க. உனக்கு வராது. பயந்துடாதே. இந்த வீட்டுக்கு அது தாமதமாத்தான் வரும்."

குடிவருபவர்களிடம் சொல்லியே ஆகவேண்டிய விஷயம் அது. உன்னிடம் சொல்ல வேண்டியதில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ராக்னா