விரல் எழும் முன்

காஜா பெராங், மலாக்கா
12-7-1957

அன்புள்ள ஜமீலா லாத்தாவுக்கு, தங்கை நஜ்முன்னிசாவின் ஸலாம்.

கைக்குழந்தை சுகமா? மச்சானின் இருமல் நின்றதா?

எங்களிடம் விட்டுப்போன உங்கள் மூத்தவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். சுல்தானா இன்னும் விரல்களால் கண்களை அழுத்துகிறாள். இப்படியே போனால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நம்மளப் பாக்க வைக்கத்தான் செய்யுது. கண்டுக்காதீங்க, தானா நின்னுடும்" என்று மச்சான் சொன்னபடி உம்மாவும் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். நிற்கவில்லை. கதவிடுக்கில் பார்த்தேன். ஆளில்லாதபோதுதான் அதிகம் அழுத்துகிறாள்.

நேற்று என் கண்களையும் அழுத்திப் பார்த்தேன், லாத்தா. இருட்டுக்குள் பொன்னும் பச்சையுமாக ஒளி பூத்தது. விரலை எடுக்க மனம் வரவில்லை. பேச்சு வராத பிள்ளைக்கு இதைவிட நாம் என்ன கொடுத்துவிட்டோம்?

இப்போது அவள் விரல் எழும் முன்பே கண்ணாடி வளையல்களை வெயிலில் சுழற்றிக் காட்டுகிறேன். கை மடியிலேயே இருக்கிறது. மழை நாளில்தான் தோற்றுப்போகிறேன். பக்கத்து வீட்டுப் பொன்னம்மா, "வளையல வச்சு வெளையாடுற வயசா ஒனக்கு?" என்று கேலி செய்கிறார். செய்யட்டும். இன்னும் சில மாதம் அவளை என்னிடமே விடுங்கள்.

நிசா

சிங்கப்பூர்
5-9-1957

அன்புத் தங்கை நிசாவுக்கு,

மெர்டேக்கா சுதந்திர நாள் விடுமுறைக்கு வந்தவர்கள் பிள்ளையைக் கூட்டிப்போய்விட்டோம் என்று உனக்குக் கோபமாம். உம்மா எழுதியிருந்தார்கள். "சின்னப் புள்ள கண்ணுக்கிட்ட கண்ணாடியா? ஒன் தங்கச்சிக்குப் படிச்சுப் படிச்சு மூள கொழம்பிருச்சு" என்கிறார் உன் மச்சான். அவரை மீறி நான் என்ன செய்வேன்?

பழைய கைலியைக் கிழித்துச் சுல்தானாவின் கைகளைக் கட்டியிருக்கிறோம். முதலில் கத்தினாள். இப்போது சத்தமே இல்லை. காலை மடக்கி, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பொழுதெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள். "பாத்தியா, அடங்கிட்டா" என்று அவருக்குப் பெருமை. நீயும் கவலையை விடு.

ஜமீலா

காஜா பெராங்
9-9-1957

லாத்தா,

அவள் அடங்கவில்லை. முழங்காலால் கண்ணை அழுத்துகிறாள். விரலைவிட எலும்பு கடினம். மச்சான் கடையில் இருக்கும் நேரமாவது கட்டை அவிழ்த்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பளிச்சென்று எதையாவது காட்டிக்கொண்டே இருங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

நிசா

சிங்கப்பூர்
2-11-1957

நிசா,

உன் கடிதத்தை அவர் கண்ணில் படாமல் வைத்திருந்தேன். துணிவு வர இத்தனை நாள் ஆயிற்று. நேற்று அவிழ்த்தேன். எதிரே போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

இனி எனக்கு எழுதாதே. நீ நலம் விசாரித்து எழுதினாலும், அன்றைக்கே சொன்னேனே என்றுதான் எனக்குக் கேட்கும்.

ஜமீலா