ஜன்னல் கம்பி

செவ்வாய். பனி. தூரத்தில் அறுப்பு மெஷின் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறுபதாம் கல்யாணம். இவர் ஏன் மணையில்தான் உட்காருவேன் என்கிறார்? எனக்குத் தெரியவில்லை. திருக்கடையூரில் நாற்காலி போடுகிறார்கள். பாதிப் பேர் அதிலேயே முடித்துக்கொள்கிறார்கள். கேட்டேன். "சும்மாத்தான்."

இவர் தரையில் உட்கார்ந்தே சில வருஷமாயிற்று. முட்டி. இப்போது கூடத்தில் தினமும் பயிற்சி. போன் வீடியோவில் ஒருவர், "மூச்சை விடுங்க." "விட்டுட்டேன்யா" என்று இவர் பதில்.

"நீயும் வாயேன்."

"எனக்கென்ன, இன்னும் அம்பதே ஆகல."

தேய்ந்த முட்டி வீடியோ பார்த்தால் சரியாகுமா? நம்பிக்கை இல்லை. காப்பியோடு வேடிக்கை பார்த்தேன்.

வாங்க வேண்டியது: தைலம், தேங்காய், ஊக்கு.

வியாழன். மேகமூட்டம்.

நன்னிலத்திலிருந்து நாத்தனார் போன். "அண்ணி, நாற்காலி சொல்லிடட்டுமா? எல்லார் முன்னாடியும் அண்ணனால எந்திரிக்க முடியலன்னா?"

ஸ்பீக்கரில் இருந்தது. "அதுல நீ உக்காரு" என்றார் தங்கையிடம்.

சாயங்காலம் தரையில் உட்கார்ந்து, எழுந்தேவிட்டார். கைதட்டத் தோன்றியது. தட்டவில்லை.

சனி. நாளைக்குக் கல்யாணம்.

இன்றுதான் கவனித்தேன். எழும்போதெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்.

"என்னங்க, கோயில்ல கம்பிக்கு எங்க போவீங்க?"

கம்பியை விட்டார். கூடத்து நடுவில் உட்கார்ந்து முயன்றார். பொத்தென்று பின்னால் சாய்ந்தார். அடி இல்லை. இருவரும் சிரித்தோம். அவர் முதலில் நிறுத்திக்கொண்டார்.

கையை முன்னால் ஊன்றச் சொன்னேன். ஒரு முட்டி, அப்புறம் மற்றது. இருட்டும்வரை முயன்றார். ஒரு தரம் எழுந்தால் மறு தரம் முடியவில்லை.

"நாற்காலி சொல்லிடவா?"

"வேண்டாம்."

சொல்லவில்லை.

ஞாயிறு. நல்ல வெயில். திருக்கடையூர்.

ஹோமப் புகை. உறவு முழுக்க வரிசையாக வந்து கலச நீரை எங்கள் தலையில் ஊற்றியது. தாலி கட்டினார். விரல் சில்லென்று இருந்தது.

"எழுந்திருங்கோ" என்றார் சாஸ்திரிகள். அதற்குள் நாத்தனார் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இவர் அதைப் பார்க்கவே இல்லை. கையை ஊன்றினார். ஒரு முட்டி. அதிலேயே கொஞ்சம் தாமதித்தார். பிறகு மற்றது. எழுந்துவிட்டார்.

நான் எழவில்லை. ஈரப் பட்டுப்புடவை, இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன.

குனிந்து கையை நீட்டினார். "ஜன்னலப் பிடிச்சுக்க."

பிடித்துக்கொண்டு எழுந்தேன். நாத்தனாரின் நாற்காலியில் கொஞ்ச நேரம் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.