விரால் ஈரலில் இருந்த புழுக்கள்

இன்று காலை அல்சூர் மார்க்கெட்டில் விரால் அறுத்துக்கொண்டிருந்தவர், ஈரலை எடுத்து ஓரமாக வீசினார். அதன்மேல் வெள்ளையாக ஒரு சுருள். முன்னால் நின்றவர்கள் கவனிக்கவில்லை. நான் மீன் வாங்காமல் விலகி வந்துவிட்டேன். ஏன் வந்தேன் என்று வீடு சேரும்வரை எனக்கே பிடிபடவில்லை. உன் நினைவுதான் என்று புரிந்ததும் உனக்கு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இருவரும் ஒரே கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தோம். அத்திபெலே பக்கத்து ஏரி ஒன்றில் பிடிபடும் மீன்களைக் கரையிலேயே அறுத்துப் பார்ப்போம். விரால் கொழுகொழுவென்று இருக்கும்; வயிற்றைத் திறந்தால் ஈரல் முழுக்கப் புழு. "இவ்வளவு வெச்சுக்கிட்டு இது எப்படிடீ இப்படித் துள்ளுது?" என்பாய். நான் அடுத்த மீனை எடுப்பேன்.

வேடிக்கை பார்த்தவர்கள் மூலம் ஊருக்குள் பேச்சு பரவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரையில் மீன் விற்கும் லட்சுமம்மா தன் கூடையை நம் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க அறுத்துப் பாத்துட்டுப் போயிடுறீங்க மேடம். புழு மீனுன்னு ஒருத்தரும் வாங்கமாட்றாங்க. ஏனு மாடலி, நான் என்ன பண்ணட்டும்?"

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். நீ ஒரு விராலை எடுத்துக் குடலையும் ஈரலையும் நீக்கி, "கொழம்பு வைங்கம்மா, நான் சாப்பிடுறேன்" என்றாய். பக்கத்து டீக்கடை அடுப்பில் கொதித்த குழம்பை எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டாய். "நல்லா வேகவெச்சா புழு செத்துடும்" என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னாய். அன்று கூடை காலியானது. பிறகு போகும்போதெல்லாம் அங்கேதான் உனக்குச் சாப்பாடு. நானும் உன்னோடு சாப்பிட்டேன்.

சில வருடங்களில் உன் கண்கள் மஞ்சளாயின. கல்லீரலில் கட்டி என்றார்கள். மீனைப் பற்றி டாக்டரிடம் நான்தான் கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். அவர் சொன்னது சரி; வெந்து செத்த புழு ஒன்றும் செய்யாது. வகுப்பில் நான் நடத்துவதும் அதைத்தான். ஆனாலும் உன் கட்டிலருகே உட்கார்ந்தால் படித்தது ஒரு பக்கமும் மனம் இன்னொரு பக்கமுமாகப் போய்விடும். ஒரே சட்டிக் குழம்பைத்தான் சாப்பிட்டோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உனக்கு ஏன்?

எப்படியோ கேள்விப்பட்டு லட்சுமம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"நம்ம மீனாலயா மேடம்?"

"இல்லம்மா. டாக்டரே சொல்லிட்டாரு. வேணும்னா இவளைக் கேளுங்க" என்று நீ என்னைக் காட்டினாய். அவள் என்னைப் பார்த்தாள். நீயும் பார்த்தாய்.

"இல்ல" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். நீ கண்ணை எடுக்கவில்லை. அவளைத் தேற்றச் சொன்ன பார்வையா அது? இல்லை, நீயும் அதையேதான் என்னிடம் கேட்டாயா? நீ போய் எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. உங்கள் இருவரில் யாருக்குப் பதில் சொன்னேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.