கொம்புக்காரர் பேருக்கு வந்த தாள்

அன்பு மகன் மெதெருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் பெண்டாட்டி அய்ஜாரிக், குழந்தை எல்லாரும் நல்லபடி இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் ஊரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க அல்லா கருணை காட்டட்டும். குழந்தைக்கு இருமல் விட்டுவிட்டது. சாம்பல் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. எனக்குத்தான் கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், திரும்பி வந்தால் பாதிப் பால் அடுப்பில் கிடக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் சுருக்கமாகச் சொல்லும்மா என்கிறாய். இது சுருக்கமாகச் சொல்கிற விஷயம் இல்லை, உட்கார்ந்து படி.

ஆற்றங்கரைப் புல் நிலம் மேல்வீட்டு ஷெய்ஷெனுக்குத்தான் என்று தீர்ப்பானது உனக்குத் தெரியும். அந்தப் புல் இல்லாவிட்டால் குளிர்காலத்தில் ஆடு மாடு எதைத் தின்னும், அத்தனையையும் விற்றுவிட்டு நாங்களும் உன் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதுதான். தீர்ப்பு நகல் கைக்கு வரட்டும், அப்பீல் போடுவோம் என்று நானும் உன் அப்பாவும் ஆட்டை ஓட்டிக்கொண்டு கோடை மேய்ச்சலுக்கு மலைமேல் ஜைலோவுக்கு ஏறிவிட்டோம். நகல் கைக்கு வந்த நாளிலிருந்து முப்பது நாள்தான் கெடுவாம். நகலும் வந்தது, கீழே வீட்டில் இருந்த உன் பெண்டாட்டி கையெழுத்துப் போட்டு வாங்கியும் வைத்தாள். ஆனால் நாங்கள் மலை இறங்கி வந்து அந்த உறையைக் கண்ணால் பார்த்தது நாற்பத்தொன்றாம் நாள்.

அவள் சும்மா இருந்துவிட்டாள் என்று நினைக்காதே. மலையில்தான் போன் சிக்னல் கிடைக்காதே, மறுநாளே பால் லாரி இஷெனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அங்கேதான் வந்தது வினை. மருமகள் மாமனார் பேரைச் சொல்லக் கூடாது, உன் அப்பா பேரிலோ கிடா இருக்கிறது, அதனால் பட்டியில் நிற்கிற கிடாவைக்கூட அவள் கொம்புக்காரர் என்றுதான் சொல்வாள், மாமனாருக்கும் அதே பேர்தான். நீ எத்தனை தடவை சிரித்திருக்கிறாய். இஷென் ஷெய்ஷெனுக்கு உறவு, அவனிடம் கோர்ட்டு என்ற வார்த்தையை எடுக்கவேண்டாம் என்று புத்திசாலித்தனம் வேறு. கொம்புக்காரர் பேருக்குத் தாள் வந்திருக்கு, சீக்கிரம் வரச் சொல்லுங்க என்றிருக்கிறாள். அவன் வந்து கொம்புக்காரருக்குத் தாள் வந்திருக்காம் என்றான். நாங்கள் கிடாவுக்குத் தடுப்பூசி போட்ட சான்றிதழ் வரும் என்று காத்துக்கொண்டிருந்தோம். கிடாவோட தாள் எங்க ஓடிப்போகுது, மயிர் கத்தரிச்சு முடிச்சிட்டு இறங்கலாம் என்றார் உன் அப்பா. நானும் தலையாட்டினேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கெடு தாண்டினாலும் தக்க காரணம் இருந்தால் கூடுதல் அவகாசம் கேட்டு மனுப் போடலாம் என்றாள் வக்கீல் நசீரா. காரணத்தைக் கேட்டு முதலில் அவளே சிரித்தாள். பிறகு, உறை வாங்கினவளே கூண்டில் ஏறிச் சொன்னால்தான் எடுபடும் என்றாள். புதன்கிழமை கோர்ட்டுக்குப் போனோம். அய்ஜாரிக் எல்லாவற்றையும் கோர்வையாகத்தான் சொன்னாள். ஜட்ஜம்மா நம் பக்கத்துப் பெண்தான், நம் வழக்கம் தெரியாதவள் இல்லை, ஆனாலும் கொம்புக்காரர்னா யாரு, பேரச் சொல்லும்மா, பதிவுல ஏத்தணும் என்றாள். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொரு தடவை கேட்டாள். இவள் முக்காட்டு நுனியைத் திருகிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பக்கம் ஷெய்ஷென் இளிக்கிறான். பேர் சொல்லாவிட்டால் மனு நிற்காது என்று நசீரா என் காதில் சொன்னாள். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் ஒரு தடவை வாய் தவறிக் கிடா என்று சொன்னதற்கு அவளிடம் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள் நான்தானே.

எழுந்துவிட்டேன். எழுதிக்குங்கம்மா, என் வீட்டுக்காரர், கொச்கோர்பாய் என்றேன். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை அந்தப் பேரை, கிடா என்கிற கொச்கோரையும் சேர்த்து, வாயால் சொன்னேன். காது இரண்டும் சுட்டது. ஜட்ஜம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, நீங்க சாட்சி இல்ல, உட்காருங்க என்றாள். அவ்வளவுதான், பேரும் போயிற்று, பிரயோசனமும் இல்லை. ஆனால் இவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்காராமலே, சொல்லித் தொலைடி, நானே சொல்லிட்டேன்ல என்றேன். அவள் மாமனார் இருந்த பக்கம் திரும்பி மூன்று தடவை குனிந்து வணங்கினாள், பிறகு சொன்னாள். உன் அப்பா கம்பளித் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பேசியது ஒன்றுதான், கிடாவோட தாள் இன்னும் வரல.

உத்தரவு தபாலில் வருமாம். இன்றைக்கு எட்டாம் நாள். அவகாசம் கிடைத்தால் மறுநாளே அப்பீல் போய்விடும், நசீரா எழுதித் தயாராக வைத்திருக்கிறாள். கிடைக்காவிட்டால் வசந்தத்தில் ஷெய்ஷென் வேலியை நட்டுவிடுவான். நீ போனில் உன் பெண்டாட்டியைக் கடிந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினாய் என்று தெரிந்தால் நான் உன்னிடம் பேசமாட்டேன். உள்சட்டை இரண்டு போட்டுக்கொள், வெறும் தேநீரைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. அனுப்பிய குருத், அந்த உலர்ந்த தயிர் உருண்டைகளைப் பிறருக்கும் கொடுத்துத் தின்னு. உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும், உன் கை காயாமல் இருக்கட்டும் என்று உள்ளங்கை விரித்து வேண்டி முகத்தில் தடவிக்கொள்கிறேன், ஓமின்.

இன்னொன்று, இதை யாரிடமும் சொல்லாதே. தபாலுக்காக வாசலில் நிற்கும்போது, பக்கத்தில் யாரும் இல்லை என்றால், அந்தப் பேரை மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன். நல்ல பேர்தான், மெதெர். இத்தனை வருஷம் வீணாகப் போய்விட்டது.

உன் அம்மா,
புருல்